பழுது எண் முந்நூற்றுப் பதினெட்டு

என் கணவர் நூற்று நாற்பத்து மூன்று படங்களில் செத்தார். நூற்று நாற்பத்து நான்காவது தடவை யாரும் படம் பிடிக்கவில்லை.

அவர் நாயகனும் இல்லை, வில்லனும் இல்லை. கதை தொடங்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் சாக வேண்டும் அல்லவா, அந்த ஒருவர். வங்கிக் காசாளர், தபால்காரர், பேய் வீட்டில் முதலில் கதவைத் திறக்கிறவர். பத்து நிமிடத்துக்கு மேல் எந்தப் படத்திலும் உயிரோடு இருந்ததில்லை. திரைத்தொழிலில் அவருக்கு ‘முதல் ரீல்’ என்று பெயர். வீட்டுக்கு வரும் கடிதங்கள்கூட அந்தப் பெயரில்தான் வரும்.

சாவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்வார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். துப்பாக்கியால் சுட்டாலும் சரி, தண்ணீரில் அமுக்கினாலும் சரி. ஒரு படத்தில் பத்தாவது மாடியிலிருந்து தள்ளிவிட்டார்கள். ஏழாவது மாடியருகே விழுந்துகொண்டிருக்கும்போது மடித்து வைத்தார். அந்த ஒரு காரியத்துக்காக ஒரு கூட்டம் சேர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்சுகள், ஒரு பல் மருத்துவர். டிக்கெட் வாங்கி வந்து, அவர் செத்ததும் எழுந்து நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு தியேட்டர்காரர் தயாரிப்பாளருக்குக் கடிதமே எழுதினார்: ‘இவரை இடைவேளைக்குப் பிறகு கொல்ல முடியுமா என்று பார்க்கவும். கேன்டீனில் வியாபாரம் இல்லை.’

கண்ணாடியை ஏன் மடித்தார் என்பதற்குக் கூட்டத்தில் பல விளக்கங்கள் இருந்தன. உலகத்தைப் பார்த்தது போதும் என்கிறார் என்றார் பல் மருத்துவர். உண்மை என்னவென்றால் அது அவருடைய சொந்தக் கண்ணாடி. முதல் படத்தில் விழுந்து உடைந்துபோனது. கண்ணாடி உடையலங்காரச் செலவில் சேராது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு என்னையே தெரியாது.

வீட்டில் கூடத்துத் தரையில்தான் ஒத்திகை. நான் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். மேஜையில் தாள்களை வைத்துக்கொண்டு நான் வேலை பார்ப்பேன், கீழே அவர் செத்துக்கொண்டிருப்பார். விழுந்தால் அப்படியே கிடப்பார். பிணம் தானாக எழுந்திருக்கக் கூடாது, யாராவது சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பக்கத்தை முடித்துவிட்டு, “போதும், எழுந்திருங்க” என்பேன். எழுந்து, “எப்படி இருந்துச்சு?” என்பார். “கால் கொஞ்சம் ஆடிச்சு” என்பேன். படப்பிடிப்பில் ஒரு நாள் சொல்ல மறந்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இவர் சாயங்காலம் வரை தரையிலேயே கிடந்துவிட்டு முதுகுவலியோடு வந்து சேர்ந்தார்.

கடைசி நாளும் அப்படித்தான். தரையில் கிடந்தார். நான் நாற்பத்தோராம் பக்கத்தை முடித்துவிட்டு, போதும், எழுந்திருங்க என்றேன். கால் ஆடவே இல்லை.

அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப்போவதில்லை. குரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கீச்சுக்குரல். வாக்கியத்தின் கடைசி வார்த்தையில் இரண்டாக உடையும். படங்களில் அவருக்கு வேறு ஒருவர்தான் குரல் கொடுப்பார். அந்த மனிதருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கனத்த குரல். இவர் வாயசைப்பார், அவர் பேசுவார். வீட்டில் இவர் டெலிபோனைத் தொடமாட்டார். ஒரு தடவை எடுத்து ‘ஹலோ’ சொன்னதற்கு, “பாப்பா, அப்பா இருக்காரா?” என்று கேட்டுவிட்டார்கள். அதோடு சரி. அவராக எந்த நாடாவிலும் எந்தக் கருவியிலும் பேசவில்லை. கடைக்குப் போனால் சீட்டு எழுதி நீட்டுவார்.

அவர் போன நான்காவது மாதம், ஒரு காலையில் காபி போடும்போது அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. அந்தக் கிணற்றுக் குரல்தான் வந்தது. என் கணவர் என் மனதுக்குள் வேறொரு ஆண்பிள்ளையின் குரலில் காபி கேட்டார். எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரே ஒரு படத்தில் அவருடைய சொந்தக் குரல் இருந்தது. காசாளராக வந்த படம். கிணற்றுக் குரல்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, வெளியீட்டுத் தேதி நெருங்கிவிட்டது, தளத்தில் பதிந்த ஒலியையே வைத்துவிட்டார்கள். கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டும்போது, “கொஞ்சம் இருங்க, கண்ணாடியைக் கழட்டிக்கிறேன்” என்பார். அவ்வளவுதான். நான் அதைத் தியேட்டரில் பார்த்தபோது கூட்டம் தட்டிய கைதட்டலில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் படத்துக்கு மிஞ்சியிருந்த ஒரே பிரதி திரைக்கலைப் பேரவையின் காப்பறையில் இருந்தது.

பேரவைக் கட்டடத்தின் முகப்பில் ‘கலைஞர்களே எங்கள் உயிர்’ என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். அதற்குக் கீழே ஓர் அட்டை: ‘கலைஞர்கள் பின்வாசல் வழியாக வரவும்.’

நான் கலைஞர் இல்லை என்பதால் முன்வாசல் வழியாகப் போனேன். எழுத்தர் ஒருவர் மூன்று மேஜைகளுக்கு நடுவில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பற்றாக்குறை. எந்த மேஜைக்கு யார் வந்தாலும் உருண்டு வருவார்.

“பிரதியைப் பார்க்கணும்னா கௌரவிக்கப்பட்ட கலைஞரோட குடும்பமா இருக்கணும்மா. உங்க வீட்டுக்காரரைக் கௌரவிச்சிருக்கோமா?”

“இல்லை.”

“அப்ப முதல்ல கௌரவிச்சுடலாம்” என்று அடுத்த மேஜைக்கு உருண்டு ஒரு படிவத்தை எடுத்தார். “எந்த வகை? நாயகன், வில்லன், நகைச்சுவை, துணை.”

“செத்துப்போறவர்.”

“அது வகை இல்லைம்மா. நிலைமை.”

“நாற்பது வருஷமா அதைத்தான் செஞ்சார்.”

பென்சிலால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். “இறந்த தேதி?”

சொன்னேன்.

“எந்தப் படம்?”

“படம் இல்லை. நிஜம்.”

சான்றிதழை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல இயக்குநர் பேர் இல்லையே.”

“அது யாருன்னு எனக்கும் சொல்லமாட்டேங்கிறாங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ‘இயக்குநர்: விசாரணையில்’ என்று எழுதிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துச் செயலாளர் என்னை வரச்சொன்னார். பேசும்போது விரல் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்கிற மனிதர். எதிரே ஒரு தட்டில் நான்கு பிஸ்கட் இருந்தது. எனக்கா அவருக்கா என்று கடைசி வரை தெரியவில்லை.

“அம்மா, உங்க கணவருக்காகவே ஒரு புது வகையை உருவாக்கியிருக்கோம். ‘முன்கூட்டி மறையும் கலைஞர்.’ பெயரை நான்தான் வெச்சேன். பதினோரு கூட்டம் போட்டோம்.”

“ரொம்ப நன்றி. படத்தை எப்பப் பார்க்கலாம்?”

“அதுக்கு அவர் ஜெயிக்கணுமே. எந்த விருதுக்கும் மூணு போட்டியாளர் இருக்கணும். இல்லைன்னா பேரவை யாருக்கோ வேணும்னே கொடுத்துடுச்சுன்னு பேச்சு வரும்.”

அப்படியாக மேலும் இரண்டு பேரைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர், எப்போதோ ஒரு படப்பிடிப்பில் வெயில் தாங்காமல் நிஜமாகவே மயங்கி விழுந்த நடிகை. அந்த அம்மாள் பேரவையின் கடிதத்துக்குப் பதில் போடவில்லை; மறுக்கவும் இல்லை என்று பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டார்கள். இன்னொருவர் சண்டைக் கலைஞர்; என் கணவரைப் பதினெட்டுப் படங்களில் கொன்றவர். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். எந்தக் கதவிலும் நேராக நுழைய முடியாத உடம்பு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணி, எனக்கு இதுல இஷ்டமே இல்லை. அண்ணனுக்கு எதிரா நான் எப்படி?”

“பரவாயில்லை தம்பி. நீங்க வரலைன்னா மூணு பேர் ஆகாதாம்.”

“அஞ்சு நடுவர் முன்னாடி செத்துக் காட்டணுமாம். அண்ணன் எப்படி வருவார்னு கேட்டேன். விதி எல்லாருக்கும் பொதுன்னாங்க.”

செத்துக் காட்டும் நாளில் குடும்பத்தார் என்ற முறையில் நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு கம்பளம் விரித்து, ஐந்து நடுவர்களும் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு வரிசையாக இருந்தார்கள். சண்டைக் கலைஞர் மேஜையிலிருந்து விழுந்தார். விழும்போதே பல்லைக் காட்டிச் சிரித்தார். ‘துயர உணர்வு போதாது’ என்று நீக்கிவிட்டார்கள். வெளியே வந்து என் காதருகே குனிந்து, “அண்ணனை நான் ஜெயிச்சேன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாதுல்ல” என்றார்.

அடுத்து என் கணவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடுவர்கள் கம்பளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு செயலாளர் எழுந்து முடிவைப் படித்தார்: “போட்டியாளர் இறந்த நாளிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை என்பது சான்றிதழ்வழி உறுதியாகிறது. பாத்திரத்தில் இந்த அளவு நிலைத்தன்மையை நடுவர் குழு இதுவரை கண்டதில்லை. முழு மதிப்பெண்.”

நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது.

பாராட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடித்தார்கள். எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. என் கணவரின் பாராட்டு விழா அழைப்பிதழுக்கு நானே பிழை திருத்தினேன். ‘கலைஞர் நேரில் கலந்துகொள்வார்’ என்று பழைய அச்சில் இருந்த வரி அப்படியே இருந்தது. அடித்து அனுப்பினேன். அது பேரவையின் நிரந்தர வாசகம், அடிக்க அதிகாரமில்லை என்று திரும்பி வந்தது.

விழா அன்று முதல் மூன்று வரிசை செயற்குழுவுக்கு. எனக்கு ஒரு தூணுக்குப் பின்னால் நாற்காலி, அதில் ‘மறைந்தவர் தரப்பு’ என்று அட்டை. கடைசி வரிசைகளில் அவருடைய கூட்டம். பல் மருத்துவருக்கு இப்போது முடி வெளுத்துவிட்டது. கண்ணாடி போடாதவர்கள்கூட அன்றைக்கு ஒன்று மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தூணின் மறுபக்கம் சண்டைக் கலைஞர் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்து எல்லோரையும் எழுப்பினார்கள். மௌனத்தைத் தலைவர்தான் முடித்துவைக்க வேண்டும். தலைவர் வரவில்லை. இருபத்திரண்டு நிமிடம் நின்றோம். பதினைந்தாவது நிமிடத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவர் நின்றபடியே தூங்கி முன்னால் சாய்ந்தார். பின்வரிசையில் யாரோ, “சார், கண்ணாடியை மடிச்சுட்டு விழுங்க” என்றார்கள். மௌனம் கலைந்ததாகப் பதிவாகக் கூடாது என்பதற்காக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவர் வந்தார். மௌனத்தை முடித்தார். நேராக ஒலிவாங்கிக்குப் போனார்.

“நண்பர்களே, இந்தக் கலைஞரை நான் பார்த்ததே இல்லை. இதை ஒளிக்காமல் சொல்வதில் பெருமைப்படுகிறேன். எந்தத் திரையிடலுக்கும் தலைவர் பதினைந்து நிமிடம் தாமதமாக வர வேண்டும் என்பது பேரவையின் மரபு. நான் வந்து உட்காரும்போது இவர் செத்திருப்பார். முப்பது ஆண்டுகளாக, இவர் செத்த பிறகு மற்றவர்கள் அழுவதை முன்வரிசையிலிருந்து கூர்ந்து கவனித்து வந்திருக்கிறேன். யாருக்காக அழுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பது தலைவருக்கு அழகில்லை.”

முதல் மூன்று வரிசையும் கைதட்டியது.

“இவர் உயிரோடு இருக்கும்போதே செய்திருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் ஏற்புரை சொல்லியே தீருவேன் என்பார்கள். நிகழ்ச்சி நீண்டுவிடும். கண்ணாடியை மடித்தாரே, அதற்கு என்ன பொருள்? ‘நான் பார்த்தது போதும், இனி பேரவை பார்த்துக்கொள்ளும்’ என்பதுதான் பொருள்.”

என்னை மேடைக்கு அழைத்து ஒரு பதக்கத்தைக் கொடுத்தார். “ரொம்ப இளமையா இருக்கீங்க, மகளா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய் உட்கார்ந்தார்.

பிறகு விளக்கை அணைத்தார்கள். நான் தூணைச் சுற்றி வந்து ஓரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். இதற்காகத்தான் பதினொரு மாதம்.

காசாளர் கூண்டு. நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். கொள்ளைக்காரன் துப்பாக்கியை நீட்டுகிறான். கூட்டத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை; அண்ணி அவர் குரலைக் கேட்கத்தான் வருகிறார் என்று சண்டைக் கலைஞர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். என் கணவர் வாயைத் திறந்தார்.

“கொஞ்சம் இருங்க, கண்ணாடியைக் கழட்டிக்கிறேன்.”

கிணற்றுக் குரல்.

என் கையிலிருந்த பதக்கம் தரையில் விழுந்து உருண்டது. பின்வரிசையிலிருந்து, “இது யார் குரல்?” என்று கேட்டார்கள்.

விளக்கு போட்டதும் செயலாளர் என்னைத் தேடி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“கவனிச்சீங்களா? பிரதியில ஒலி ரொம்ப மோசமா இருந்துச்சும்மா. ஏதோ கீச்சு கீச்சுன்னு. விழாவுக்காகவே புதுப்பிச்சோம். அதே பழைய குரல் கலைஞரைக் கண்டுபிடிச்சு, எண்பத்தி ரெண்டு வயசு, நாற்காலியில தூக்கிட்டு வந்து பேச வெச்சோம். நூத்தி நாற்பத்தி மூணு படத்துலயும் இப்ப ஒரே குரல்.”

“அந்தக் கீச்சு,” என்றேன், “அது என்ன ஆச்சு?”

“பழுதா? நீக்கியாச்சு.”

பிழை திருத்துகிறவளுக்கு இந்த இடத்தில் கோபப்பட என்ன உரிமை இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். சண்டைக் கலைஞர் செயலாளருக்குப் பின்னால் வந்து நின்று, “அண்ணி, இவரைப் பத்தாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

“தூக்கிப் போட்டுட்டீங்களா?” என்றேன்.

செயலாளர் மனம் புண்பட்டவராகப் பார்த்தார். “பேரவை எதையும் தூக்கிப் போடாதும்மா. நீக்கின பழுது எல்லாம் பழுதுப் பதிவேட்டுல ஏறி, கீழ்த்தளத்துல இருக்கும்.”

“அதைக் கேட்க யார் கையெழுத்து வேணும்?”

“பிரதின்னா தலைவர் கையெழுத்து, செயற்குழுத் தீர்மானம், மூணு மாசம். பழுதுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? யார் கேட்டாலும் கொடுத்துடலாம். இடத்தை அடைச்சுட்டு கிடக்கு.”

மறுநாள் காலை பத்து மணிக்கு நானும் சண்டைக் கலைஞரும் கீழ்த்தளத்துக்குப் போனோம். அங்கேயும் அதே எழுத்தர்தான் உருண்டு வந்தார். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சீட்டு. நடந்துகொண்டே படித்தேன். ‘நாயகன் தும்மல்.’ ‘மழைக்காட்சியில் பின்னணியில் யாரோ சிரிப்பு.’ ‘அழுகைக் காட்சியில் நடிகை நிஜ அழுகை, அளவுக்கு மீறியது.’ பேரவையின் மேல்மாடிகளில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. இங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது.

டப்பா முந்நூற்றுப் பதினெட்டு. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாடாச் சுருள்.

“வாங்கிட்டுப் போறதுக்கு முன்னாடி சரியான பழுதுதானான்னு போட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்” என்றார் எழுத்தர். “அப்புறம் வந்து வேற பழுது கொடுத்துட்டீங்கன்னு சண்டை போடக் கூடாது.”

“போடுங்க” என்றேன்.

நாடாவைக் கருவியில் மாட்டினார். கொஞ்ச நேரம் இரைச்சல். நோட்டுகள் புரளும் சத்தம். அப்புறம் அவர்.

“கொஞ்சம் இருங்க, கண்ணாடியைக் கழட்டிக்கிறேன்.”

‘கழட்டிக்கிறேன்’ இரண்டாக உடைந்தது. எந்த இடத்தில் உடையுமோ அதே இடத்தில். சண்டைக் கலைஞர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். துப்பாக்கி வெடித்தது, உடம்பு விழுந்தது. நான் எழுந்திருக்கப் போனேன்.

“இருங்கம்மா, இன்னும் இருக்கு” என்றார் எழுத்தர். “ரெண்டு பழுது சேர்ந்தது இது.”

காலடிச் சத்தங்கள் தள்ளிப் போயின. தட்டுகள், யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது. ஒரு கதவு சாத்தியது. எல்லாம் ஓய்ந்த பிறகு, தரையிலிருந்து, மிக அருகில், மெதுவாக:

“போதுமா? எழுந்திருக்கலாமா?”

நாடா சுற்றிக்கொண்டே இருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. தியேட்டரில் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி திரையில் ஓடியிருக்கிறது. நான் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இன்னொரு தடவை போடுறீங்களா?”

போட்டார். நான் ஏன் கேட்டேன் என்பது எழுத்தருக்கு விளங்கியதோ இல்லையோ, மூன்றாவது தடவை கேட்காமலேயே போட்டார். இந்தத் தடவை என் கணவர் கேட்டு முடித்ததும், “போதும், எழுந்திருங்க” என்றேன். வழக்கமாகச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். நாடா முடிந்து சக்கரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டது.

எழுத்தர் கருவியை நிறுத்தினார். மூக்கை உறிஞ்சிவிட்டு, பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“கையெழுத்துப் போடுங்கம்மா. அந்தக் கடைசிக் கட்டம் காலியா இருக்கு, அதையும் நிரப்பிடுங்க. இல்லைன்னா தணிக்கையில கேட்பாங்க.”

பேனாவை வாங்கி, தொழில் பழக்கத்தில் முதலில் வரியை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை.

‘எண்: 318. பழுதின் தன்மை: கீச்சுக்குரல். மேலும், இறந்தவர் கேள்வி கேட்கிறார், பதில் இல்லை. எடுத்த நடவடிக்கை:’

‘பதில் சொல்லியாகிவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.